கூலியோடு கற்க வேண்டும்!

(தென்காசியில் பீடித் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



குற்றாலத்தில் சாரல் அடிக்கும் மாதங்களில் நமக்குக் கொஞ்சம் வேலை கிடைக்கிறது. கடைகளில் பாத்திரம் கழுவுகிறோம். விடுதிகளில் துணி துவைக்கிறோம். அருவி வற்றினால் வேலையும் வற்றுகிறது. வயலுக்குப் போனால், நடவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் நமக்கு முன்னே வந்து நிற்கின்றன. மிச்சமிருப்பது மடியில் ஒரு சுளகு; அதில் பீடி இலை, தூள், நூல். அந்த இலையும் முன்போல் கிடைப்பதில்லை.

"வேறு தொழில் கற்றுக்கொள்ளுங்கள்" என்று நமக்குப் புத்தி சொல்கிறார்கள். கற்க மாட்டோம் என்று நாம் எப்போது சொன்னோம்? நாம் கேட்பது ஒரே கேள்வி: கற்கும் நாட்களில் அடுப்பு எரிவது எப்படி? ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் தாய், ஒரு நாள் வகுப்பில் உட்கார்ந்தால் அன்றைய கூலி போயிற்று. பத்து நாள் பொறுப்பாள், பிறகு நின்றுவிடுவாள். உடனே, "அக்கறையில்லை" என்று அவள்மேல் பழி!

நம் பக்கத்து மத்தளம்பாறையைப் பாருங்கள். அங்கே ஸோஹோ நிறுவனம் நடத்தும் பள்ளியில் இளைஞர்களுக்கு உதவித்தொகை கொடுத்துக் கற்பிக்கிறார்கள். நல்லது. மத்திய சர்க்கார் 2023 இல் கொண்டுவந்த விஸ்வகர்மா திட்டத்திலும் பயிற்சி நாளுக்கு 500 ரூபாய் என்று எழுதினார்கள். ஆக, கற்கிறவருக்குக் காசு வேண்டும் என்பதை எல்லோருமே ஒப்புக்கொண்டாயிற்று. ஆனால் அத்திட்டத்தின் 18 தொழில்களில் பீடி இல்லை. பீடித் தொழிலாளர் நலனுக்கென்று 1976 சட்டப்படி வசூலான தீர்வையும் 2017 இல் ஜி.எஸ்.டி. வந்தபோது ஒழிந்தது. நாற்பது வயதுப் பெண் எங்கே போவாள்?

மலைக்கு அப்பால் கேரளத்தில் நடந்ததைக் கேளுங்கள். பீடித் தொழிலாளருக்குப் பாதுகாப்பளிக்கும் 1966 சட்டத்தை அமல் நடத்தப்போகிறார்கள் என்றதும், கண்ணூர்ப் பகுதியில் முதலாளிகள் 1968 இல் வேலையை நிறுத்தினார்கள். ஆயிரக்கணக்கானோர் தெருவில் நின்றனர். 1969 இல் அவர்களே சேர்ந்து தினேஷ் பீடிக் கூட்டுறவு கண்டார்கள். 1990களின் பிற்பகுதியில் பீடி விற்பனை சரிந்தது. கூட்டுறவு குடை, உணவுப்பண்டம், ஆடை ஆகிய தொழில்களில் இறங்கியது. எல்லோருக்கும் அதில் இடம் கிடைக்கவில்லை என்பதும் உண்மைதான். ஆனாலும் பாடம் ஒன்று உண்டு: அங்கே பயிற்சிக்குப் பின்னால் ஒரு வேலை காத்திருந்தது. வேலையில்லாத பயிற்சி வெறும் காகிதம்; சுவரில் மாட்டலாம், உலையில் போட முடியாது.

ஆகவே நம் கோரிக்கைகள் நான்கு. பயிற்சி நாளுக்குக் குறைந்தபட்சக் கூலி வேண்டும். வயதைக் காட்டித் தள்ளக்கூடாது. வகுப்பு நம் ஊரிலேயே, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வசதியோடு நடக்க வேண்டும். புளியங்குடி எலுமிச்சை போன்ற நம் மண்ணின் விளைபொருளை வைத்துக் கூட்டுறவுத் தொழில் தொடங்கி, கற்றவருக்கு அதில் வேலை தரவேண்டும்.

2019 முதல் தென்காசி தனி மாவட்டம். நமக்கென்று தனிக் கலெக்டர் இருக்கிறார். இந்த வாரமே தெருத் தெருவாகப் போவோம். யாருக்கு எந்தத் தொழில் கற்க விருப்பம், இப்போது நாட்கூலி எவ்வளவு என்று எழுதுவோம். திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்துக்கு அந்தப் பட்டியலோடு திரண்டு போவோம். தனியாகப் போனால் மனு; சேர்ந்து போனால் அது கோரிக்கை. வாருங்கள், தோழர்களே!