டோக்கன் நம்பரும் செல்பேசி மணியும்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம் சங்கத்தின் ஆப்பை எல்லா வீட்டிலும் இறக்கி வைத்திருக்கிறோம். ஆனால் பாதிப் பேர் அதைத் திறப்பதே இல்லை. "நோட்டிபிகேஷன் அனுப்பி அவங்களைத் திரும்ப வரவைக்க முடியுமா சார், பத்து நிமிஷம் பேசுங்க" என்று செயலாளர் கேட்டார். நான் கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை. பி.காம். முடித்துவிட்டு வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். ஆனாலும் வராத வாடிக்கையாளரை வரவழைக்கும் வேலையைப் பல வருஷம் பார்த்திருக்கிறேன். அந்தத் தைரியத்தில்தான் ஒப்புக்கொண்டேன்.

முதலில் ஒரு சம்பவம். போன மாதம் பி பிளாக்கில் ஒரு வயதான அம்மாவுக்கு ஆக்ஸிஜன் சிலிண்டர் வந்தது. காவலாளி வழக்கம்போல ஆப்பில் பதிவு செய்தார். மகனின் செல்பேசிக்கு அனுமதி கேட்டு அறிவிப்பு போயிருக்க வேண்டும். போகவில்லை. இன்டர்காமும் வேலை செய்யவில்லை. காவலாளி மாடியேறிப் போய்க் கேட்டுவிட்டு வருவதற்குள் சிலிண்டர் வாசலில் இருபது நிமிஷம் நின்றது. அம்மா இப்போது நலமாக இருக்கிறார். ஆனால் அந்த இருபது நிமிஷம் எப்படிப் போனது என்பதை அவரிடம் கேட்டால்தான் தெரியும்.

மகன் ஏன் அறிவிப்புகளை நிறுத்தி வைத்திருந்தார்? பொங்கல் வாரத்தில் ஒரே நாளில் பதினோரு அறிவிப்புகள் வந்தனவாம். கோலப் போட்டி, கோலப் போட்டி நினைவூட்டல், டி-ஷர்ட் அளவு, இனிய காலை வணக்கம். வெறுத்துப்போய் மொத்தமாக அணைத்துவிட்டார். அந்தப் பதினொன்றையும் அனுப்பியவன் நான்தான். விழாக் குழுவில் இருந்தேன். எல்லாரும் வரவேண்டும் என்கிற ஆர்வம். அதனால் இன்று நான் பேசுவதை யோசனை என்று எடுத்துக்கொள்ளுங்கள், மன்னிப்பு என்றும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காலத்தில் வங்கியில் பணம் எடுக்கப் போனால் பித்தளை டோக்கன் ஒன்று கையில் தருவார்கள். கேஷியர் நம்பரைக் கூப்பிட்டதும் அந்த ஒருவர் மட்டும் எழுந்து வருவார். கேஷியர் சும்மா சும்மா நம்பர் கூப்பிட்டிருந்தால் யாராவது தலையைத் தூக்கிப் பார்த்திருப்பார்களா?

இந்த ஆப்புகளிலும் டோக்கன்தான். ஆப்பை நிறுவித் திறந்ததும் நம் செல்பேசியில் அந்த ஆப்புக்கென்று ஒரு டோக்கன் எண் உருவாகிறது. ஆப் நிறுவனம் அந்த எண்ணைக் குறிப்பிட்டு ஆப்பிளின் அல்லது கூகுளின் சர்வருக்குச் செய்தி அனுப்பும். அங்கிருந்து அது நமக்கு வரும். ஆப் மூடியிருந்தாலும் மணி அடிப்பது இதனால்தான். ஐபோனில் இது 2009-இல் வந்தது. 2022-இல் வெளியான ஆண்ட்ராய்டு 13 முதல், ஆண்ட்ராய்டு செல்பேசிகளிலும் புதிதாக நிறுவும் ஆப் நம் அனுமதியைக் கேட்ட பிறகே அறிவிப்பு அனுப்ப முடியும். ஒருமுறை "வேண்டாம்" என்று நாம் சொல்லிவிட்டால் திரும்ப "சரி" என்று வாங்குவது சுலபமில்லை.

வங்கியில் இரண்டு வருஷத்துக்கு மேல் வரவு செலவு இல்லாத கணக்கை 'செயல்படாத கணக்கு' என்போம். அந்த வாடிக்கையாளர்களுக்குக் கடிதம் எழுதுவது என் வேலையாக இருந்தது. "எங்கள் வங்கிக்கு வாருங்கள்" என்று எழுதினால் யாரும் வரமாட்டார்கள். "உங்கள் கணக்கில் இவ்வளவு ரூபாய் இருக்கிறது, கடைசியாக இந்தத் தேதியில் எடுத்தீர்கள், இந்த ஆவணத்துடன் வந்தால் கணக்கு உயிர்பெறும்" என்று எழுதினால் மறுவாரமே வந்து நிற்பார்கள். காரணம், அந்தக் கடிதம் வங்கியைப் பற்றியது இல்லை. அவருடைய பணத்தைப் பற்றியது.

அறிவிப்புக்கும் இதுதான் கணக்கு. "ஆப்பைத் திறந்து நாளாச்சே!" என்பது நம் கவலை. "உங்கள் பிளாக்கில் நாளை 10 முதல் 1 மணி வரை தண்ணீர் வராது" என்பது அவருடைய தேவை. இரண்டாவதற்குத்தான் ஆள் திரும்பி வருவார்.

நம் தரப்பிலும் ஒரு தவறு இருக்கிறது. விளம்பரத் தொல்லை தாங்காமல் எல்லா ஆப்புகளையும் ஒட்டுமொத்தமாக ஊமையாக்கி விடுகிறோம். 1909-இல் பதிவு செய்வது விளம்பர அழைப்புக்கும் எஸ்.எம்.எஸ்.ஸுக்கும்தான், ஆப் அறிவிப்புக்கு அது பொருந்தாது. அதற்கு வேறு வழி உண்டு. ஆண்ட்ராய்டில் வந்த அறிவிப்பின் மேலேயே விரலை அழுத்திப் பிடித்தால் அதன் அமைப்பு திறக்கும். பல ஆப்புகளில் சலுகை, பரிவர்த்தனை என்று தனித்தனி வகைகள் இருக்கும். சலுகையை மட்டும் அணையுங்கள். வங்கி அறிவிப்பை அணைக்கவே அணைக்காதீர்கள். உங்களுக்குத் தெரியாமல் பணம் போயிருந்தால் உடனே வங்கிக்கும் 1930-க்கும் சொல்லியாக வேண்டும். ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கை, நம் தவறில்லாத மூன்றாம் தரப்பு மோசடிக்கு, வங்கியின் தகவல் நமக்கு வந்ததிலிருந்து மூன்று வேலை நாள் என்றுதான் கணக்கு வைத்தது. தகவலைப் பார்க்காமலே விட்டால் நஷ்டம் நமக்கு.

இனி நம் சங்கத்துக்கு என் யோசனைகள் மூன்று.

ஒன்று: வாசல் அனுமதி, தண்ணீர், மின்சாரம், லிஃப்ட், அவசரம் ஆகியவற்றுக்கு மட்டுமே மணி அடிக்கட்டும். வாழ்த்தும் போட்டியும் ஆப்பின் அறிவிப்புப் பலகையில் இருக்கட்டும், விரும்பியவர் பார்ப்பார்.

இரண்டு: பி பிளாக் லிஃப்ட் பழுது என்றால் பி பிளாக்குக்கு மட்டும் அனுப்புவோம். ஏ பிளாக்காரரை ஏன் எழுப்ப வேண்டும்?

மூன்று: இரவு 9 முதல் காலை 7 வரை அவசரம் தவிர வேறெதுவும் வேண்டாம்.

இதை மூன்று மாதம் ஒழுங்காகச் செய்தபிறகு, அறிவிப்பை அணைத்தவர்களின் வீட்டுக் கதவை நானே தட்டி, "ஒருமுறை திரும்பப் போட்டுப் பாருங்கள்" என்று கேட்கிறேன். முதலில் போகப்போவது அந்த அம்மாவின் வீட்டுக்குத்தான்.