வயிற்றுக்கு மருந்து: யாருடையது என்பதை விட, சோதித்ததா என்று கேளுங்கள்

(நமது அறக்கட்டளை நடத்திய இலவச மருத்துவ முகாமின் தொடக்கத்தில் செயலாளர் ஆற்றிய உரை)

 



டாக்டர்கள் வந்துவிட்டார்கள். டோக்கன் கொடுத்து முடிப்பதற்குள் சில விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். போன வாரம் அஸர் தொழுகை முடிந்து வெளியே வரும்போது ஒரு தம்பி போனை நீட்டினார். சீனாக்காரர்களின் மூலிகை மருந்து வயிற்று நோய்கள் எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் தீர்க்கிறதாம். “சாப், யுனானி, சித்தா, சீனா... இதில் எது நல்லது? எதை வாங்கலாம்?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்குத்தான் இன்று பதில் சொல்லப் போகிறேன்.

முதலில் ஒன்று. மருந்துக்கு ஊர் எல்லை கிடையாது. நம் கடைத்தெருவில் நாட்டுமருந்துக் கடையில் ‘ரேவல்சின்னி’ என்று ஒரு கிழங்கு கேட்டு வாங்குகிறோம். அந்தப் பெயரிலேயே சீனா இருக்கிறது. பாரசீகத்தில் ‘ரேவந்த் சீனி’, அதாவது சீனத்து ரேவந்த். ‘நிலாவரை’ என்று நாம் சொல்வது, யுனானி ஹகீம்கள் சொல்லும் சனா மக்கி. அரபு நாட்டுச் செடி. திருநெல்வேலிச் சீமையில் பயிராகி, அந்த ஊர்ப் பெயரோடு உலகம் முழுக்கப் போகிறது. சீனர்களின் மருந்து நூலிலும் அது உண்டு. அங்கே அதற்குப் பெயர், ‘அயல்நாட்டுப் பேதி இலை’ என்று பொருள்படுவது! சாப்பாட்டுக்குப் பின் நம் வீட்டுப் பெரியவர்கள் சாப்பிடும் ஜவாரிஷ் ஜாலினூஸில் இருக்கும் ஜாலினூஸ் யார்? கிரேக்க மருத்துவர் கேலன். ஆகவே யாருடைய மருந்து என்று சண்டை போடுவதில் பயனில்லை. சோதித்துப் பார்த்ததா, இல்லையா? அதைத்தான் கேட்க வேண்டும்.

இந்தக் கேள்வி மேல்நாட்டிலிருந்து வந்தது என்று யாரும் நினைக்க வேண்டாம். ஆயிரம் வருடம் முன்பு இப்னு சீனா தமது ‘கானூன்’ நூலில், மருந்தைச் சோதிப்பதற்கு விதிகளே எழுதி வைத்தார். மருந்து கலப்படமில்லாமல் இருக்க வேண்டும். பல நோய் சேர்ந்திருக்கும் ஆளிடம் சோதிக்காமல், ஒரே நோய் உள்ளவரிடம் பார்க்க வேண்டும். ஒரு தடவை பலித்தால் போதாது, பல தடவையும் அதே பலன் வர வேண்டும். மிருகத்திடம் பலித்தது மனிதனிடம் பலிக்கும் என்று எண்ணக்கூடாது. இவற்றைச் சொன்னவர் நம் முன்னோர்.

இப்போது சீன மருந்துக்கு வருகிறேன். நாட்பட்ட மலச்சிக்கலுக்கு ‘மா ஸி ரென் வான்’ என்று அவர்களிடம் ஒரு பழைய மருந்து உண்டு. ஆறு சரக்கு சேர்ந்தது. அதில் ஒன்று ரேவல்சின்னி. ஹாங்காங்கில் ஆய்வாளர்கள் 291 நோயாளிகளை மூன்று பங்காகப் பிரித்தார்கள். ஒரு பங்குக்கு அந்தச் சீன மருந்து. இன்னொரு பங்குக்கு நம் நிலாவரைச் சத்து. மூன்றாவது பங்குக்கு மருந்தே இல்லாத, மருந்து போலவே தோன்றும் வெறும் பொருள். யாருக்கு எது போகிறது என்று நோயாளிக்கும் தெரியாது. எட்டு வாரம் கொடுத்தார்கள். 2019ல் முடிவு வெளியானது. சீன மருந்து சாப்பிட்டவர்களில் 100க்கு 68 பேருக்குக் குணம் தெரிந்தது. நிலாவரைக்கு 58 பேர். மருந்தை நிறுத்தி அடுத்த எட்டு வாரம் பார்த்தபோது, சீன மருந்தில் 47 பேருக்குக் குணம் நின்றது; நிலாவரையில் 21 பேருக்குத்தான்.

சீன மருந்துக்கு நல்ல மதிப்பெண்தான், மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் கவனிக்க வேண்டிய எண் வேறு. ஒன்றுமே இல்லாத வெறும் பொருளைச் சாப்பிட்டவர்களிலும் 100க்கு 33 பேருக்குக் குணம் தெரிந்தது! மூன்றில் ஒருவர். மருந்து சாப்பிடுகிறோம் என்ற நம்பிக்கையும், நாள் போகப் போகத் தானாகத் தணிவதும் சேர்ந்து அதைச் செய்கிறது. ‘பக்கத்து வீட்டு மாமிக்கு இந்தச் சூரணத்தில் சரியாகிவிட்டது’ என்பது சாட்சியே தவிர, நிரூபணம் ஆகாது என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டாம்.

அந்த மருந்து மலச்சிக்கலுக்குச் சோதிக்கப்பட்டது என்பதையும் மறக்காதீர்கள். புண்ணுக்கோ கட்டிக்கோ சோதிக்கப்படவில்லை. வயிற்று நோய்கள் எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து என்று யார் சொன்னாலும், தம்பி, போனை மூடிவிடுங்கள்.

பாய் வீட்டிலும் செட்டியார் வீட்டிலும் முதலியார் வீட்டிலும் இந்த ஊரில் ஒரே நோயைத்தான் பார்க்கிறேன். தறிக்குழியில் காலை விட்டு நாள் முழுக்க உட்கார்ந்தால் இடுப்பு வலிக்கும். கடையில் வலி மாத்திரை வாங்கிப் போடுகிறோம். வேளைக்குச் சாப்பாடு இல்லை, டீதான். வலி மாத்திரை இரைப்பையின் உட்தோலைக் கெடுக்கும். எரிச்சல் வந்ததும் ‘கேஸ்’ என்று ஒரு சூரணம். சூரணம் ஒரு பக்கம், வலி மாத்திரை இன்னொரு பக்கம். புண் எப்படி ஆறும்?

புண்ணுக்கு இன்னொரு காரணம் ஒரு கிருமி. ஹெலிகோபாக்டர் பைலோரி என்று பெயர். ஆஸ்திரேலியாவின் பாரி மார்ஷல் என்ற டாக்டர், யாரும் நம்பவில்லை என்பதால் 1984ல் அந்தக் கிருமியைத் தாமே குடித்து, இரைப்பை அழற்சியை வரவழைத்துக் காட்டினார். அவருக்கும் ராபின் வாரனுக்கும் 2005ல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் கிருமி இருந்தால், டாக்டர் எழுதும் மாத்திரைகளைச் சொன்ன நாள் வரை முழுதாகச் சாப்பிட வேண்டும். மூன்றாம் நாள் எரிச்சல் நின்றதும் நாமாக நிறுத்திவிடக் கூடாது.

இனி ஒரு எச்சரிக்கை. மூலிகைதானே, கெடுதல் செய்யாது என்கிறோம். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியம் நாட்டில் உடல் இளைக்க மருந்து கொடுத்தார்கள். அதில் ஒரு சீன மூலிகைக்குப் பதிலாகப் பெயர் ஒத்த வேறொரு மூலிகை கலந்துவிட்டது. நூற்றுக்கும் மேற்பட்டோருக்குச் சிறுநீரகம் கெட்டது; சிலருக்குப் புற்றுநோயும் வந்தது. அந்த மூலிகையின் இனத்தைச் சேர்ந்ததுதான் நம் வயல்வெளியில் முளைக்கும் ஆடுதீண்டாப்பாளை. ஆடு தீண்டாததை நாம் ஏன் அரைத்துக் குடிக்க வேண்டும்? நிலாவரையும் அப்படித்தான், அளவோடு சில நாள் என்றால் மருந்து, மாதக்கணக்கில் தினமும் என்றால் உடம்பிலுள்ள உப்புச்சத்தை இறக்கிவிடும்.

என் வீட்டு விஷயம் ஒன்றைச் சொல்கிறேன். என் பெரியத்தாவுக்கு வயிற்றில் வலி இருந்தது. பெயரும் விலாசமும் இல்லாத பொட்டலத்தில் ஒருவர் பொடி கொடுத்தார். எட்டு மாதம் சாப்பிட்டார். முதல் மாதம் குணமாகத் தெரிந்தது. உடம்பு இளைத்தது, மலம் கறுத்துப் போனது. ‘மருந்து வேலை செய்கிறது’ என்று சொன்னார்கள். நானும் படித்தவன், நானும் அதை நம்பினேன். ஸ்கோப் விட்டுப் பார்த்தபோது இரைப்பையில் புற்று. நேரம் கடந்திருந்தது. அல்லாஹ் அவரை மன்னித்து மறுமையில் உயர்ந்த இடம் தருவானாக. பொடி அவரைக் கொல்லவில்லை. அந்த எட்டு மாதம்தான் கொன்றது.

வைத்தியம் அறியாமல் வைத்தியம் செய்தவர் அதன் விளைவுக்குப் பொறுப்பாளி என்று நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் எச்சரித்திருப்பதாக அபூதாவூதில் ஹதீஸ் இருக்கிறது. ஸஅத் ரலியல்லாஹு அன்ஹு அவர்கள் நோயுற்றபோது, ஹாரிஸ் இப்னு கலதா என்ற தேர்ந்த மருத்துவரிடம் போகச் சொன்னார்கள் என்றும் அதே நூலில் வருகிறது. தவக்குல் என்பது டாக்டரிடம் போகாமல் இருப்பதல்ல.

நான் யுனானிக்கோ சித்தாவுக்கோ எதிரி அல்ல. 1921ல் சென்னை மாகாண அரசு நாட்டு வைத்திய முறைகளை ஆராய ஒரு குழு அமைத்தபோது, அதற்குத் தலைமை வகித்தவர் முகமது உஸ்மான் சாகிப். 1923ல் அறிக்கை தந்தார்கள். அதன் பின்னரே யுனானி, சித்தா, ஆயுர்வேதம் மூன்றையும் முறையாகக் கற்பிக்கும் அரசுப் பள்ளி சென்னையில் பிறந்தது. இன்று அரும்பாக்கத்தில் அரசு யுனானிக் கல்லூரி இருக்கிறது. ராயபுரத்தில் மத்திய அரசின் யுனானி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. பட்டம் பெற்ற ஹகீமிடமும் சித்த மருத்துவரிடமும் போங்கள். பொட்டலம் கொடுப்பவரிடம் போகாதீர்கள்.

கடைசியாக, இவற்றை மனதில் வையுங்கள். மலம் தார் போலக் கறுத்தாலோ ரத்தம் கலந்தாலோ, காரணமில்லாமல் உடம்பு இளைத்தாலோ, விழுங்கச் சிரமமானாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, நாற்பது ஐம்பது வயதுக்கு மேல் புதிதாக வயிற்றுத் தொல்லை தொடங்கினாலோ, எந்தச் சூரணமும் வேண்டாம். நேரே அரசு மருத்துவமனைக்கு. பெரிய சந்தேகம் என்றால் நம் ஊரிலேயே காரப்பேட்டையில் அறிஞர் அண்ணா புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. அதன் பெயரைக் கேட்டே பயப்படுகிறோம். பயப்பட வேண்டியது தாமதத்துக்குத்தான். எந்த டாக்டரிடம் போனாலும், வீட்டில் சாப்பிடும் சூரணம், லேகியம், வலி மாத்திரை எல்லாவற்றையும் பையில் எடுத்துப் போய்க் காட்டுங்கள். மறைக்காதீர்கள்.

வயிற்றை மூன்றாகப் பங்கிட்டு, ஒன்றை உணவுக்கும் ஒன்றை நீருக்கும் ஒன்றை மூச்சுக்கும் விடச் சொன்ன மார்க்கம் நம்முடையது. வரும் ரமலானில் இஃப்தார் தட்டுக்கு முன் உட்காரும்போது அதை நினைத்துக்கொள்வோம்.

ஸ்கோப் பார்க்கக் கையில் பணமில்லை என்பவர்கள் வெட்கப்படாமல் அலுவலகத்துக்கு வாருங்கள். உங்கள் ஜகாத்தும் சதகாவும் அதற்காகத்தான் நம்மிடம் அமானிதமாக இருக்கிறது. யார் வந்தார், என்ன நோய் என்பது என்னோடு நிற்கும்.

அல்லாஹ் நம் நோயாளிகளுக்கு ஷிஃபா தருவானாக. ஆமீன்.