பார்த்த படத்துக்கும் ஒரு பேரேடு போடுவோம்

(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



பொதுக்குழு என்றாலே சேமிப்பு எவ்வளவு, உள்கடன் எவ்வளவு, வங்கித் தவணை எவ்வளவு பாக்கி என்று கணக்கு பேசுவதுதான் வழக்கம். அதையெல்லாம் காலையிலேயே பேசி முடித்துவிட்டோம். சாப்பாடு முடிந்து கண்ணைச் சொக்குகிற நேரத்தை எங்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள். அதனால் தூக்கம் வராத விஷயம் ஒன்றைப் பேசுவோம். இந்த ஒரு வருஷத்தில் நாம் பார்த்த சினிமாவும் சீரியலும்தான் விஷயம்.

சிரிக்காதீங்க. ராத்திரி கூட்டம் வைக்கலாமா என்று கேட்டால் எத்தனை குழுக்களில் "எட்டு மணிக்கு மேல வேண்டாம் மேடம்" என்று சொல்கிறீர்கள் என்பது எங்களுக்குத் தெரியும். அது தப்பு என்று சொல்ல வரவில்லை. பகலெல்லாம் களையெடுத்து, மாட்டைப் பார்த்து, சமைத்து முடித்தவர் கொஞ்ச நேரம் உட்கார்ந்து டிவி பார்ப்பது நியாயம்தான். ஆனால் பார்த்ததை அப்படியே விட்டுவிடாமல், குழுவில் உட்கார்ந்து பேசினால் என்ன என்பதுதான் எங்கள் கேள்வி.

குழுவில் ஒரு ரூபாய் வந்தாலும் எழுதுகிறோம், போனாலும் எழுதுகிறோம், கீழே கையெழுத்துப் போடுகிறோம். பார்க்கிற படத்துக்கும் அதுபோல ஒரு பேரேடு போடுவோம். மூன்றே கேள்விகள். இந்தக் கதையில் உழைப்பது யார்? பணம் யார் கையில் இருக்கிறது? முடிவு எடுப்பது யார்? இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு, நம் குழுக்களில் அதிகம் பேசப்பட்ட ஐந்தைப் பார்ப்போம். எல்லாம் இந்த வருஷம் வந்தவை அல்ல. சில முன்பே வந்தவை, நாம் இந்த வருஷம் பார்த்தவை.

ஓரகத்திகள் சேர்ந்தால்

முதலில் சீரியல். சன் டிவியில் 2022 பிப்ரவரியில் தொடங்கி 2024 ஜூன் வரை ஓடிய "எதிர்நீச்சல்". இரண்டாம் பகுதி 2024 டிசம்பரில் ஆரம்பித்தது. எடுத்தவர் திருச்செல்வம். முன்பு தேவயானி நடித்த "கோலங்கள்" எடுத்தாரே, அவரேதான்.

ஆதி குணசேகரன் வீட்டுக்கு வந்த மருமகள்கள் நான்கு பேர். ஈஸ்வரி, ரேணுகா, நந்தினி, ஜனனி. படித்த பெண்களாகப் பார்த்துக் கட்டிவந்து, அடுப்படியில் நிறுத்திவிட்டார்கள். உழைப்பது நான்கு மருமகள்கள், பணம் அண்ணன் கையில், முடிவும் அவருடையதே. பேரேட்டில் மூன்று வரியும் நிரம்பிவிட்டது, பாருங்கள்.

வழக்கமாகச் சீரியலில் மாமியாருக்கு மருமகள் எதிரி, ஓரகத்திக்கு ஓரகத்தி எதிரி. இதில் நான்கு ஓரகத்திகளும் ஒன்றாக நிற்கப் பழகினார்கள். நந்தினி சமையலைத் தொழிலாக்கப் பார்த்தபோது நம் குழுவில் மசாலா அரைத்து விற்கும் அக்காக்கள் எல்லாம் "இது எங்க கதை"ன்னு சொன்னீர்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அப்பத்தா பெயரில் இருந்த 40 சதவீதப் பங்கை வைத்து மாதக்கணக்கில் கதை நகர்ந்தது. வீட்டில் எல்லோரையும் அதட்டுகிற மனுஷன் ஒரு கிழவியைச் சுற்றிச் சுற்றி வந்தது எதனால்? சொத்து அவர் பெயரில் இருந்ததனால். நம்மில் எத்தனை பேர் பெயரில் ஒரு சென்ட் நிலமாவது இருக்கிறது? இந்துக் குடும்பங்களில் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு என்று தமிழ்நாட்டில் 1989லேயே சட்டம் வந்தது. நாடு முழுவதற்கும் 2005இல் வந்தது. அந்த உரிமை மகளுக்குப் பிறப்பிலேயே வருகிறது என்று 2020இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அண்ணன் தம்பி கொண்டுவந்து நீட்டுகிற விடுதலைப் பத்திரத்தில் படிக்காமல் கையெழுத்துப் போடாதீங்க.

வாழைத்தாரும் குட்டியானையும்

அடுத்தது "வாழை". 2024 ஆகஸ்ட்டில் வந்தது. மாரி செல்வராஜ் தன் சிறுவயது அனுபவத்தை வைத்து எடுத்த படம். சிவனணைந்தான் என்கிற பையனுக்குப் பள்ளிக்கூடம் பிடிக்கும், டீச்சரைப் பிடிக்கும். லீவு நாள் வந்தால்தான் பயம். அன்றைக்கு அம்மாவோடும் அக்காவோடும் வாழைத்தார் சுமக்கப் போகவேண்டும்.

தாருக்குக் கூலியை ஒரு ரூபாய் கூட்டிக் கேட்கிறார்கள் ஊர் மக்கள். வியாபாரி ஒத்துக்கொள்கிறார். ஆனால் அந்தச் செலவை வேறு வழியில் மிச்சம் பிடிக்கிறார். ஆட்கள் திரும்பிப் போகத் தனி வண்டி கிடையாது, தார் ஏற்றிய லாரி மேலேயே உட்கார்ந்து போகச் சொல்கிறார். லாரி கவிழ்கிறது. அந்தக் கடைசிக் காட்சியில் அழாதவர் நம்மில் யாருமில்லை.

அழுதது சரி. மறுநாள் காலையில் என்ன செய்தோம்? மிளகாய் பறிக்கவும் நாற்று நடவும் குட்டியானையில் இருபது பேர் நின்றுகொண்டு போனோம். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றக்கூடாது என்பது சட்டம். அப்படிப் போகும்போது விபத்து நடந்தால் வண்டி இன்சூரன்ஸில் இழப்பீடு வாங்குவதும் பெரிய சிக்கல். கூலி பேசும்போது வண்டியையும் சேர்த்துப் பேசுங்கள். ஒருத்தர் தனியாகக் கேட்டால் "நாளைக்கு வராதே"ன்னு சொல்வார்கள். இருபது பேரும் சேர்ந்து கேட்டால் களை எடுக்க ஆள் வேண்டுமே, யோசிப்பார்கள். வங்கியில் ஆண்டுக்கு 20 ரூபாய் பிடிக்கிற விபத்துக் காப்பீட்டில் இன்னும் சேராதவர்கள் சேர்ந்துவிடுங்கள். 18 வயது முதல் 70 வயது வரை சேரலாம். விபத்தில் உயிர் போனால் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய்.

மறைத்த கடன்

மூன்றாவது சிரிப்புப் படம். 2025 ஜனவரியில் வந்த "குடும்பஸ்தன்". "ஜெய் பீம்" படத்தில் ராஜாக்கண்ணுவாக நடித்த மணிகண்டன்தான் கதாநாயகன். காதல் கல்யாணம். வேலை போய்விடுகிறது. வீட்டில் சொல்லக் கூச்சம். சொல்லாமல் கடன் வாங்குகிறான். அதை அடைக்க இன்னொரு கடன். தியேட்டரில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். குழுவில் பேசும்போது சிரிப்பு கொஞ்சம் குறைந்துபோனது.

ஏன் என்று உங்களுக்கே தெரியும். நம் வீடுகளிலும் ஒளித்துவைத்த கடன் இருக்கிறது. வீட்டுக்காரர் நமக்குத் தெரியாமல் வாங்கியது ஒரு பக்கம். நாம் வீட்டுக்காரருக்குத் தெரியாமல் வாங்கிய வாரக் கடன் இன்னொரு பக்கம். நம் குழுவுக்கே தெரியாமல் நான்கு கம்பெனியில் வாங்கியதும் உண்டு. திங்கள் ஒருத்தர், புதன் ஒருத்தர், வெள்ளி ஒருத்தர் என்று வாசலில் வந்து நிற்கும்போதுதான் வெளியே தெரிகிறது.

ரிசர்வ் வங்கி 2022இல் கொண்டுவந்த மைக்ரோ பைனான்ஸ் விதியைச் சொல்கிறோம், நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு குடும்பம் கட்டுகிற எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டும்படி கடன் கொடுக்கக்கூடாது. வீட்டு வருமானம் மாதம் 16,000 ரூபாய் என்றால் தவணை எல்லாம் சேர்ந்து 8,000க்குள் இருக்கவேண்டும். வசூலுக்கு வருகிறவர் காலை 9 மணிக்கு முன்போ மாலை 6 மணிக்குப் பின்போ வந்து நிற்கவோ போன் செய்யவோ கூடாது. கெட்ட வார்த்தை பேசக்கூடாது, மிரட்டக்கூடாது. அந்தப் படத்தில் அவன் முதல் கடனையே பெண்டாட்டியிடம் சொல்லியிருந்தால் பாதிக் கதை நடந்திருக்காது. நமக்கும் அதேதான். கடன் வாங்குவது குற்றமில்லை. மறைப்பதுதான் வட்டிக்கு மேல் வட்டி.

பேசாத பெண்

நான்காவது "கொட்டுக்காளி". இதுவும் 2024 ஆகஸ்ட்டில் வந்தது. "பாட்டு இல்லை, மியூசிக் இல்லை, ஆட்டோ போய்க்கிட்டே இருக்கு" என்று பல பேர் பாதியில் எழுந்துவிட்டீர்கள். உட்கார்ந்து பார்த்தவர்கள் மறக்கவில்லை. வேறு சாதிப் பையனை விரும்பிய மீனாவுக்குப் பேய் பிடித்துவிட்டது என்று சொல்லி, ஷேர் ஆட்டோவில் ஏற்றிச் சாமியாரிடம் கூட்டிப் போகிறார்கள். கட்டிக்கப்போகிற பாண்டியாக சூரி. வழியெல்லாம் எல்லோரும் பேசுகிறார்கள். அவள் மட்டும் வாய் திறப்பதில்லை.

நம் குழுக் கூட்டத்திலும் ஒரு மூலையில் அப்படி ஒருத்தர் உட்கார்ந்திருப்பார். சேமிப்பைக் கொடுப்பார், கையெழுத்துப் போடுவார், போய்விடுவார். அவரிடம் சொல்ல ஒன்றுமில்லை என்று நினைத்துவிடாதீர்கள். சொல்வதற்கு ஒரு வழி கிடைக்கவில்லை, அவ்வளவுதான். படம் பார்த்துப் பேசுவது அந்த வழியைக் கொடுக்கிறது. "என் வீட்டுல இப்படி நடக்குது" என்று சொல்ல நா எழாது. "அந்தப் படத்துல அந்த அம்மா செஞ்சது சரியா?" என்று கேட்க முடியும். நாங்கள் இன்றைக்குச் சொல்ல வந்த விஷயமே இதுதான். இதற்கு நம் கூட்டமைப்பிலேயே ஒரு சாட்சி இருக்கிறது.

அயலியும் ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளையும்

ஐந்தாவது "அயலி". 2023 ஜனவரியில் ஜீ5இல் எட்டுப் பகுதிகளாக வந்தது. முத்துக்குமார் இயக்கியது. பிள்ளைகளின் போனில்தான் பலரும் பார்த்தீர்கள். 1990களில் புதுக்கோட்டைப் பக்கம் நடக்கிற கதை. அந்த ஊரில் பெண் வயசுக்கு வந்தால் படிப்பு நின்றுவிடும், உடனே கல்யாணம். இல்லையென்றால் ஊர்த் தெய்வம் கோபித்துக்கொள்ளும் என்று நம்பிக்கை. தமிழ்ச்செல்விக்கு டாக்டராக ஆசை. வயசுக்கு வந்ததையே மறைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போகிறாள். கொஞ்ச நாளில் அம்மாவுக்குத் தெரிந்துவிடுகிறது. அவரும் சேர்ந்து மறைக்கிறார்.

நம் குழு ஒன்றில் இதைப் பேசிக்கொண்டிருந்தபோது, வழக்கமாகப் பேசாத உறுப்பினர் ஒருத்தர் கேட்டார்: "அந்த அம்மா ஊரையே ஏமாத்துச்சே, அது பாவமில்லையா?" ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். குழுவில் மூத்த அம்மா மட்டும் பதில் சொல்லாமல் அவர் முகத்தையே பார்த்தார். "ஏம்மா, உன் வீட்டுல என்ன நடக்குது?" என்று கேட்டார். அப்புறம்தான் வந்தது அழுகை. பத்தாவது படிக்கிற மகளைத் தாய்மாமன் வீட்டில் பெண் கேட்டு, பரீட்சை முடிந்ததும் நிச்சயம் என்று பேசி வைத்திருந்தார்கள். அம்மாவுக்கு மனசில்லை. சொன்னால் அண்ணன் உறவு அறுந்துபோகும்.

அன்று சாயங்காலமே ஆறு உறுப்பினர்கள் அவர் வீட்டுக்குப் போனார்கள். சண்டைக்குப் போகவில்லை. அந்தப் பிள்ளையின் அப்பாவிடம், பெண்ணுக்கு 18 முடியாமல் கல்யாணம் செய்தால் 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி செய்துவைக்கிற பெரியவர்கள் மேலேயே வழக்கு வரும் என்று பக்குவமாகச் சொன்னார்கள். "பிளஸ் ஒன் சேர்க்கிற செலவுக்கு உள்கடன் நாங்க தர்றோம்ண்ணே, பிள்ளையைப் படிக்க விடுங்க" என்றார்கள். மூன்று தடவை போகவேண்டியிருந்தது. பிள்ளை இப்போது பிளஸ் ஒன் படிக்கிறாள்.

கதை சுபமாக முடிந்துவிட்டது என்று எழுந்துவிடாதீங்க. மாமன் வீட்டார் இன்னும் பேசுவதில்லை. அந்த அம்மா அண்ணன் வீட்டு விசேஷத்துக்குப் போகமுடியாமல் இருக்கிறார். பிள்ளை பிளஸ் டூ முடிக்கிற வரைக்கும் குழு கண் வைத்திருக்கவேண்டும். பேசி முடியாத இடத்தில் 1098க்குப் போன் செய்யலாம், மாவட்ட சமூகநல அலுவலரிடம் சொல்லலாம். சொன்னவர் பெயர் வெளியே போகாது. பெண்களுக்கு அடி உதை என்றால் 181 இருக்கிறது. இந்த இரண்டு எண்களும் ஒவ்வொரு குழுவின் தீர்மான நோட்டிலும் முதல் பக்கத்தில் இருக்கட்டும்.

தோழிகளே, இத்தனைக்கும் ஆரம்பம் ஒரே ஒரு கேள்வி. அதுவும் தன் வீட்டைப் பற்றிக் கேட்கவில்லை, படத்தைப் பற்றிக் கேட்டார். எனவே இந்தக் கூட்டத்தில் ஒரு தீர்மானத்தை முன்வைக்கிறோம். மாதத்தில் ஒரு கூட்டத்தில் சேமிப்பு வசூல் முடிந்ததும் கால் மணி நேரம், அந்த மாதம் பார்த்த படத்தையோ சீரியலையோ பேசுவோம். உழைப்பது யார், பணம் யார் கையில், முடிவு யாருடையது என்ற மூன்று கேள்விகளும் போதும். முதலில் பேசவேண்டியவர் ஊக்குநரோ பிரதிநிதியோ அல்ல. அந்த மூலையில் பேசாமல் உட்கார்ந்திருப்பவர்.

சம்மதம் என்றால் கையைத் தூக்குங்க. எண்ணி நோட்டில் எழுதிக்கொள்கிறோம்.