கல்லுக்குள் தேரையும் பனிக்கடியில் உயிரும்



உளியோசை ஓயாத ஊர் திருமுருகன்பூண்டி. கல்லைத் தட்டி, எழும் ஒலியைக் கொண்டே அதன் உட்பழுதை அறிபவர்கள் சிற்பிகள். கல்லுக்குள் அடைபட்ட தேரைக்கும் இறைவன் உணவு வைத்திருக்கிறான் என்பது தமிழரின் நெடுநாள் நம்பிக்கை. அத்தேரை எதை உண்ணும் என்ற வினாவுக்குத் தென்துருவப் பனியின் அடியிலிருந்து ஒரு விடை வந்திருக்கிறது.

அண்டார்க்டிகாவில் இந்தியா அமைத்த முதல் நிலையமான தட்சிண கங்கோத்ரி, பனியில் புதைந்து 1990இல் கைவிடப்பட்டது. 1989இல் எழுந்த மைத்ரி நிலையம் ஷிர்மாக்கர் சோலை எனும் பாறை நிலத்தில் நிற்கிறது. அச்சோலையின் மண்ணில் கண்ட புதிய நுண்ணுயிர் ஒன்றை, எஸ். சிவாஜி உள்ளிட்ட இந்திய அறிவியலார் 1992இல் உலகுக்கு அறிவித்தனர். ஆனால் அம்மண்ணுக்கு வெயில் எட்டும். வெயிலே எட்டாத ஆழத்தில் உயிர் உண்டா?

அங்கே நீர் உண்டு. மேலுள்ள பனியின் அழுத்தம் உறைநிலையைத் தாழ்த்துகிறது; கீழிருந்து புவியின் வெப்பம் கசிகிறது. அதனால் பனிக்கடியில் ஏரிகள் உறையாமல் கிடக்கின்றன. 2012 பிப்ரவரியில் ரஷ்ய அறிவியலார் ஏறத்தாழ 3,770 மீட்டர் துளையிட்டு வோஸ்டோக் ஏரியைத் தொட்டனர். எனினும், கிடைத்த உயிர்த்தடங்கள் ஏரிக்குரியவையா, துளையில் நிரப்பிய மண்ணெண்ணெயோடு கலந்தவையா என்ற ஐயம் எழுந்தது.

2013 ஜனவரியில் அமெரிக்கக் குழுவினர் வேறு வழி கண்டனர். நீரை வடிகட்டி, புறஊதாக் கதிரால் தூய்மை செய்து, அதைச் சுடவைத்து 800 மீட்டர் பனியைத் துளைத்து வில்லன்ஸ் ஏரியை அடைந்தனர். ஒரு மில்லி லிட்டர் நீரில் ஏறத்தாழ 1,30,000 நுண்ணுயிர்கள் இருந்தன! வெயிலின்றி, பாறையிலிருந்தும் வண்டலிலிருந்தும் கரையும் வேதிப்பொருள்களிலிருந்தே அவற்றுள் பல ஆற்றல் பெறுகின்றன. அடைத்த கல்லே அங்கு அமுதும் ஆயிற்று.

2021இல் வந்த செய்தி இன்னும் வியப்பானது. ஏறத்தாழ 900 மீட்டர் தடித்த மிதக்கும் பனித்தட்டைத் துளைத்து, கடலடி வண்டல் எடுக்க முயன்ற கருவி ஒரு பாறையில் மோதியது. அப்பாறைமேல் கடற்பஞ்சு போன்ற உயிர்கள் ஒட்டி வாழ்ந்தன. திறந்த கடலோ 260 கிலோமீட்டருக்கு அப்பால்.

இனி வானத்திலும் இத்தேடல் தொடர்கிறது. வியாழனின் நிலவான யூரோப்பாவின் பனியோட்டுக்கடியில் கடல் இருப்பதாக அறிஞர் கருதுகின்றனர். அங்கு உயிர் வாழத் தக்க சூழல் உண்டா என ஆராய 2024 அக்டோபரில் ஒரு விண்கலம் புறப்பட்டது. 2030இல் வியாழனைச் சேரும்.

கவிஞர் பெருமக்களே! நம்பிக்கை ஒரு நல்ல வினாவை எழுப்பியது. விடையோ, தேடும் கையின் கறையை முதலில் கழுவியவர்களுக்கே தெளிவாய்க் கிட்டியது. தான் கொண்டுசென்றதையே கண்டுபிடித்ததாக எண்ணும் பிழை அறிவியலார்க்கு மட்டும் உரியதன்று, கவிதைக்கும் நேர்வது. பத்தாண்டு கண்ட வட்டம், கல்லைத் தட்டிக் கேட்கும் சிற்பியின் பொறுமையோடு உலகைக் கேட்கட்டும்.