காற்றாடிக் காட்டின் வரிக்கணக்கு



வரியும் சட்டமும் எரிசக்தித் தொழிலை எப்படி உருவாக்குகின்றன என்று பேச நாகர்கோவிலில் கூடியிருக்கிறோம். வடக்கேயிருந்து வந்தவர்கள் ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டும்போதே முப்பந்தல் காற்றாடிகளைப் பார்த்திருப்பீர்கள். காற்று இருப்பதால் அவை அங்கே நிற்கின்றன என்பது பாதி விளக்கம்தான். கணவாயில் காற்று என்றைக்கும் இருந்தது. 1986-இல் தூத்துக்குடி முள்ளக்காட்டில் அரசு முயற்சியாகத் தொடங்கிய காற்றாலைத் தொழிலுக்குள் 1990-க்குப் பிறகு தனியார் பணத்தைக் கொண்டுவந்தது வருமான வரிச் சட்டத்தின் தேய்மான விதி.

மற்ற பெரும்பாலான இயந்திரங்களின் விலையைப் பல ஆண்டுகளில் கழிக்க வேண்டும். காற்றாலைக்கோ அப்போது முதலாண்டிலேயே 100 சதவீதம் கழிவு. 1990-களின் நடுவில் நிறுவன வரி மேல்வரியோடு 46 சதவீதம். நல்ல லாபம் பார்த்த ஒரு நூற்பாலை 1 கோடி ரூபாய்க்குக் காற்றாடி வாங்கினால், அந்த ஆண்டு வரியில் 46 லட்சம் மிச்சம். முதலாண்டு முடிவதற்குள்ளேயே விலையில் பாதிக்கு அருகில் கைக்கு வந்துவிடும்.

இதில் இன்னொரு விதியும் உண்டு. சொத்தை நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தினால் தேய்மானம் பாதிதான். எனவே செப்டம்பர் முடிவதற்குள் இணைப்பு வாங்கியாக வேண்டும். தவறினால் பாதிச் சலுகைக்காவது மார்ச் 31-க்குள். நம் ஊரில் காற்று வீசுவது மே முதல் செப்டம்பர் வரை. செப்டம்பர் கடைசியில் அவசர அவசரமாக நட்ட காற்றாடி அந்தப் பருவத்தில் பேருக்குத்தான் மின்சாரம் தரும். வரிச்சலுகையை முழுதாகத் தரும். ஆடிக் காற்றைப் பார்த்து நடவேண்டியதை ஆடிட்டரைக் கேட்டு நட்டார்கள். ஆலைக்காரர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. சட்டம் காட்டிய வழியில்தான் போனார்கள்.

1996-இல், கழிவு எவ்வளவு இருந்தாலும் ஓரளவு கட்டியே தீர வேண்டிய குறைந்தபட்ச மாற்று வரி வந்தது, அடுத்த ஆண்டு நிறுவன வரி 35 சதவீதமாக இறங்கியது. சலுகையின் மதிப்பு தேய்ந்ததும் நடவு ஏறக்குறைய நின்றேபோனது. 2012-இலும் அதே கதை. அதற்குள் 80 சதவீதமாகிவிட்ட விரைவுத் தேய்மானத்தை ஏப்ரலில் நிறுத்தினார்கள். முந்தைய ஆண்டு 1,000 மெகாவாட்டுக்கு மேல் சேர்த்த தமிழ்நாடு அந்த ஆண்டு 200-ஐத் தொடவில்லை. 2014-இல் சலுகை திரும்பியது, 2017-இல் 40 சதவீதமாகச் சுருங்கியது. இந்த ஏற்ற இறக்கத்துக்கும் காற்றுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

இதற்கு மாறாக, 2009 டிசம்பரில் வந்த உற்பத்தி ஊக்கத்தொகை யூனிட்டுக்கு 50 பைசா. இயந்திரம் வாங்கியதற்கு அல்ல, மின்சாரம் தந்ததற்குக் கூலி. என் கணிப்பில் இத்துறையில் வந்த மிக நேர்மையான சலுகை இதுதான். இருபது ஆண்டு முன்பே வந்திருக்க வேண்டும். 2017 மார்ச்சில் முடிந்தும்விட்டது. அதே ஆண்டு பிப்ரவரியில் நடந்த முதல் காற்றாலை ஏலத்தில் யூனிட் விலை 3.46 ரூபாய்க்கு விழுந்தது.

பேங்கிங், அதாவது உபரி யூனிட்டை மின்வாரியத்திடம் சேமித்து வைப்பது பற்றி இங்கே சூடான விவாதம் நடக்கும் என்று எதிர்பார்க்கிறேன். பருவத்தில் கொடுத்த யூனிட்டைக் காற்றில்லாத மாதங்களில் திரும்பக் கேட்கிறது ஆலை. மலிவான நேரத்தில் வாங்கி விலை ஏறிய நேரத்தில் திருப்பித் தருகிறோம் என்கிறது மின்வாரியம். இரண்டும் நியாயமே. 

பழைய சலுகையின் விளைவு இன்றும் கணவாயில் நிற்கிறது. நாட்டின் மிகச்சிறந்த காற்றிடங்களில் ஒன்றை 225, 250 கிலோவாட் இயந்திரங்கள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. இப்போது வரும் ஒற்றை இயந்திரமே 2, 3 மெகாவாட். மாற்றி நடலாம் என்றால், பக்கத்துப் பக்கத்துத் துண்டு நிலங்களுக்கு வெவ்வேறு உரிமையாளர்கள். மாநில அரசு 2024-இல் இதற்கெனத் தனிக் கொள்கையே வெளியிட்டது.

சலுகையே வீண் என்று சொல்ல வரவில்லை. அது இல்லாமல் இந்தத் தொழிலே இங்கு வந்திராது. ஆனால் தொழில்நுட்பத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பொறியியல் ஏடுகளோடு நின்றுவிடுகிறார்கள். இளம் ஆய்வாளர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். நிதிச் சட்டங்களை ஆண்டுவாரியாக எடுத்து வையுங்கள். தோவாளை வட்டத்தின் நிலப்பதிவுகளையும் மின்வாரிய இணைப்புத் தேதிகளையும் அவற்றின் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். நிலம் விற்றவருக்கு என்ன கிடைத்தது என்பதையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதல் அமர்வைத் தொடங்கலாம்.