எடுத்தது யாரை, விட்டது யாரை



அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடிப் பக்கம் கபடி பார்த்துப் பழகியவர்களுக்குத் தெரியும். ஆட்டம் முடிந்து, பரிசு கொடுத்து, விளக்கை அணைத்த பிறகுதான் அசல் வாதம் தொடங்கும். "கார்னருக்கு அவனை எதுக்கு இறக்குனாங்க? நல்லாப் பாடிப் போறவன வெளியில உக்கார வச்சுட்டாங்களே?" என்று மறுநாள் டீக்கடை வரைக்கும் அது ஓடும். முதல் டீயில் பேச்சு ஆட்டத்தைப் பற்றியே இருக்கும். இரண்டாவது டீ வருவதற்குள் "அவன் எந்தத் தெரு?" என்று யாராவது கேட்டுவிடுவார். நம்ம பக்கத்தில் தெருவைச் சொன்னால் எதைச் சொன்னதாக அர்த்தம் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கபடிப் போட்டிக்கு அனுமதி கேட்டுப் போனால், ஆடுகிறவர்களின் பனியனில் சாதி அடையாளம் இருக்கக் கூடாது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளையே நிபந்தனை போட வேண்டியிருக்கிறது.

இதே வாதம் கடல் தாண்டி ஒரு நாட்டில் முப்பது வருஷத்துக்கு மேலாக நடக்கிறது. அங்கே ஆட்டத்தின் பெயர் ரக்பி. முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓட வேண்டும், எதிராளி இடுப்பைக் கட்டிப்பிடித்துத் தரையில் சாய்ப்பான், கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்துவிட்டால் 'ட்ரை', ஐந்து புள்ளி. பக்கத்துக்குப் பதினைந்து பேர். கபடி பார்க்கிற கண்ணுக்கு ரக்பி புரிய அரை மணி நேரம் போதும்.

நாடு தென்னாப்பிரிக்கா. 1860இல் மதராஸிலிருந்து கப்பலேறி நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலியாகப் போன நம் ஆட்களின் வாரிசுகள் இன்றும் வாழ்கிற நாடு. ரக்பியில் அந்த நாட்டு அணிக்குப் பெயர் ஸ்பிரிங்பாக். நிறவெறிச் சட்டம் இருந்த காலம் வரைக்கும் அது கிட்டத்தட்ட முழுக்க வெள்ளைக்காரர் அணியாகவே இருந்தது. தன் அணியில் மட்டுமில்லை, எதிரணியில் யார் இருக்கலாம் என்பதையும் அவர்களே தீர்மானித்தார்கள். நியூசிலாந்து அணி அங்கே போகும்போது அந்நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரி வீரர்களை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகும். 1928, 1949, 1960 என்று மூன்று பயணங்களில் இது நடந்தது. மூன்றாவது முறை நியூசிலாந்தில் ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்டோர் "மாவோரி இல்லையென்றால் பயணமும் வேண்டாம்" என்று கையெழுத்துப் போட்டும் அணி போய்த்தான் வந்தது. 1970இல் ஒருவழியாக மாவோரிகளை உள்ளே விட்டார்கள். எப்படி? 'கௌரவ வெள்ளையர்' என்று பட்டம் கொடுத்து. கோயிலுக்குள் விடுவதற்கு முன் ஒருவருக்கு ஒருநாள் சாதியை மாற்றிக் கொடுத்தது போல!

நிறவெறி ஒழிந்த பிறகு, 1995இல் உலகக் கோப்பை தென்னாப்பிரிக்காவிலேயே நடந்தது. மண்டேலா ஸ்பிரிங்பாக் சட்டையைப் போட்டுக்கொண்டு கோப்பையை அணித்தலைவர் பியனாரிடம் கொடுத்த படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இறுதிப் போட்டியில் இறங்கிய பதினைந்து பேரில் வெள்ளையர் அல்லாதவர் ஒரே ஒருவர், செஸ்டர் வில்லியம்ஸ். காலிறுதியில் நான்கு ட்ரை போட்டவர் அவர். ஊரெல்லாம் சுவரொட்டியில் அவர் முகம்தான். ஆனால், சக வீரர்களே தன்னை நிறத்தைச் சொல்லி ஏசியதைப் பின்னாளில் தன் வாழ்க்கைக் கதையில் அவர் சொன்னார். 2007இல் மறுபடி கோப்பை. அப்போது இறுதிப் போட்டியில் இறங்கியவர்களில் வெள்ளையர் அல்லாதவர் இரண்டு பேர். பன்னிரண்டு வருஷத்தில் ஒருவர் கூடியிருக்கிறார்.

வாதம் சூடானது. 2019க்குள் அணியில் பாதிப் பேர் வெள்ளையர் அல்லாதவராக இருக்க வேண்டும் என்று ரக்பி சங்கம் இலக்கு வைத்தது. ஒரு தரப்பு ரசிகர்கள், "நாட்டு அணியில் திறமையை மட்டும் பாருங்கள், தோலை ஏன் பார்க்கிறீர்கள்?" என்றார்கள். மறு தரப்பு, "நூறு வருஷம் தோலை மட்டும்தானே பார்த்தீர்கள், அப்போது எங்கே போனது இந்தக் கேள்வி?" என்றது. நடுவில் மாட்டிக்கொண்டவன் ஆடுகிற பையன். பந்தைத் தவறவிட்டால் 'கோட்டா ஆள்' என்பார்கள். பக்கத்திலிருக்கும் வெள்ளைக்காரன் தவறவிட்டால் அது சாதாரணத் தவறு. அந்நாட்டுக் கிரிக்கெட்டில் டெம்பா பவுமா இதே பட்டத்தை எத்தனை வருஷம் சுமந்தார் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவர் தலைமையில்தான் 2025 ஜூனில் லார்ட்ஸ் மைதானத்தில் ஆஸ்திரேலியாவைத் தோற்கடித்து டெஸ்ட் உலகப் பட்டத்தை அந்த நாடு வாங்கியது.

ரக்பிக்கு வருவோம். 2019 நவம்பர் 2, ஜப்பானில் யோகோஹாமா. இறுதிப் போட்டியில் இங்கிலாந்தை 32க்கு 12 என்று சாய்த்தது தென்னாப்பிரிக்கா. 1995, 2007 இறுதிப் போட்டிகளில் அந்த அணி ஒரு ட்ரைகூடப் போடவில்லை, உதைத்து எடுத்த புள்ளிகளிலேயே ஜெயித்தது. உலகக் கோப்பை இறுதிப் போட்டி ஒன்றில் தென்னாப்பிரிக்காவின் முதல் ட்ரையை 2019இல் போட்டவர் மகசோலே மபிம்பி. இரண்டாவது செஸ்லின் கோல்பே. இரண்டு பேருக்குமே, பழைய சட்டம் இருந்திருந்தால், அந்தச் சட்டை கிடைத்திருப்பது அரிது. அணித்தலைவர் சியா கொலிசி, ஸ்பிரிங்பாக் டெஸ்ட் அணியின் முதல் கறுப்பினத் தலைவர். அதற்குச் சில வாரங்கள் முன்புதான் செஸ்டர் வில்லியம்ஸ் மாரடைப்பில் காலமாகியிருந்தார்.

இந்தக் கொலிசியின் கதையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். 1991 ஜூன் 16 அவர் பிறந்த நாள். மக்களை இனம் இனமாகப் பிரித்துப் பதிவு செய்த சட்டத்தை நாடாளுமன்றம் நீக்கியது மறுநாள். ஸ்வீடே என்கிற ஏழைக் குடியிருப்பில் பாட்டி வளர்த்த பிள்ளை. பன்னிரண்டு வயதில் ஒரு வசதியான பள்ளிக்கூடத்தில் உதவித்தொகையோடு இடம் கிடைத்தது. 2019 தொடக்கத்தில் இதே கொலிசி ஒரு பேட்டியில், மண்டேலா இருந்திருந்தால் இட ஒதுக்கீட்டை ஆதரித்திருக்க மாட்டார் என்கிற மாதிரி சொல்லிவிட்டார். பெரிய சர்ச்சை. 'திறமை' தரப்பு அவரைத் தூக்கி வைத்துக் கொண்டாடியது. ஆனால் அதே பேச்சில் அவர் சொன்ன இன்னொரு விஷயத்தை அவர்கள் வசதியாக விட்டுவிட்டார்கள். அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் இருந்திருந்தால் எனக்கு ஒழுங்கான சாப்பாடு கிடைத்திருக்காது, உடம்பு வளர்ந்திருக்காது, எனவே மாற்றத்தை உச்சியில் தொடங்க முடியாது, ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தொடங்க வேண்டும் என்பதுதான் அந்த விஷயம்.

சாப்பாடு! தேர்வுக் குழு, இட ஒதுக்கீடு, திறமை என்று இத்தனை பேசிய பிறகு, அந்த நாட்டின் அணித்தலைவர் வந்து நின்ற இடம் சோற்றுப் பானை. இதைக் கேட்டால் நம்ம மாவட்டத்துக்காரர்களுக்கு ஆச்சரியம் வராது. விருதுநகர்க்காரரான காமராஜர் 1956இல் பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு போட ஆரம்பித்தார். அருப்புக்கோட்டைத் தொகுதியில் ஜெயித்து 1977இல் முதலமைச்சரான எம்.ஜி.ஆர். 1982இல் அதைச் சத்துணவாக விரித்தார். மானம் பார்த்த பூமியில் பருத்தியும் மிளகாயும் பொய்த்த வருஷங்களிலும் ஒரு வேளைச் சோறு நிச்சயம் என்றிருந்த பிள்ளைகளில் எத்தனை பேர் பிறகு எல்லைக்கோட்டில் காலூன்றிப் பிடி போட்டார்கள் என்று யாரும் கணக்கெடுத்திருக்க மாட்டார்கள். என்னைக் கேட்டால், நம் ஊர்க் கபடிக்கு முதல் தேர்வுக் குழு அந்தச் சத்துணவுக் கூடம்தான்.

சோறு மட்டும் போதுமா என்றால், போதாது. அதற்கு நம் நாட்டிலேயே பழைய சாட்சி ஒருவர் இருக்கிறார், பல்வங்கர் பலூ. 1876இல் பிறந்தவர், தோல் வேலை செய்யும் சமூகம். புனேயில் வெள்ளைக்காரர் கிரிக்கெட் கிளப்பில் மைதானத்தைப் பராமரிக்கும் வேலை. துரைமார்களுக்குப் பயிற்சிக்காகப் பந்து போட்டுப் போட்டே இந்தியாவின் முதல் பெரிய சுழற்பந்து வீச்சாளர் ஆனார். அவரை விட்டால் ஜெயிக்க முடியாது என்று தெரிந்ததும் இந்துக்கள் கிளப் சேர்த்துக்கொண்டது. ஆட்டத்தில் அவர் தொட்ட பந்தை எல்லோரும் தொட்டார்கள். தேநீர் இடைவேளையில் அவருக்கு மட்டும் வெளியே, மண் கோப்பையில். 1911இல் இங்கிலாந்து போய் நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்தவருக்கு அணித்தலைமை கிடைக்கவே இல்லை. 1920இல் தலைமை விவகாரத்தில் அவருடைய தம்பிகள் விட்டலும் சிவராமும் அணியை விட்டு விலகி நின்றார்கள். கடைசியில் பலூவைத் துணைத்தலைவர் ஆக்க வேண்டியிருந்தது. 1923இல் விட்டல் தலைவரே ஆனார். அந்த மாற்றம் தேர்வாளர்களின் மனசு கனிந்து வந்ததில்லை. இரண்டு நல்ல மட்டையாளர்கள் "வர மாட்டோம்" என்று சொன்னதால் வந்தது.

கபடிக்கு வருவோம். தாமிரபரணிப் பக்கத்து மணத்தி கணேசன் 1994இல் ஹிரோஷிமா ஆசியப் போட்டியில் தங்கம் வாங்கிய கபடி அணியில் ஆடினார், அர்ஜுனா விருதும் பெற்றார். அவர் வாழ்க்கையைத் தழுவிய 'பைசன்' படத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். சென்னையில் குடிசைகளை எடுத்து மக்களைக் கொண்டுபோய் விட்ட கண்ணகி நகரிலிருந்து கார்த்திகா என்கிற பெண் 2025இல் பஹ்ரைனில் ஆசிய இளையோர் போட்டியில் கபடித் தங்கத்தோடு திரும்பினார். இவர்களைக் காட்டி, "பார்த்தீர்களா, திறமை இருந்தால் வரலாம்" என்று சிலர் சொல்கிறார்கள். வந்தவர்களை வைத்து மட்டும் கணக்குப் போட்டால் அப்படித்தான் தோன்றும்.

இப்போது பெரிய போட்டியெல்லாம் மெத்தையில், ஷூ போட்டு ஆடுகிறார்கள். நம்ம பையன்கள் கல் பொறுக்கி, தண்ணீர் தெளித்து, மிதித்து இறுக்கிய மண்ணில் வெறுங்காலோடு ஆடிப் பழகியவர்கள். நரிக்குடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒருத்தன் முதல் பஸ் பிடித்து மாவட்டத் தேர்வுக்குப் போகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். மெத்தையில் அவன் முதன்முதலாகக் கால் வைப்பதே அன்றைக்குத்தான். இரவல் ஷூ. திரும்பும்போது கால் பிடிக்காமல் விழுவான். தேர்வாளர் எந்தத் தெரு என்று கேட்காத நியாயவானாகவே இருக்கட்டும். பார்த்ததை எழுதுவார், 'கால் நிதானம் போதாது' என்று. எழுதியதில் பொய் கிடையாது. தேர்வுக்கு மூன்று மாதம் முன்னால் அந்த மெத்தையை ஒரு லாரியில் ஏற்றித் திருச்சுழிக்கும் நரிக்குடிக்கும் அனுப்பி வைக்க ஆகும் செலவு, ஒரு போட்டிக்குக் கட்டுகிற பிளெக்ஸ் பேனர் செலவை விடக் கூடுதலாக இருக்குமா என்று பொறுப்பில் இருப்பவர்கள் யாராவது விசாரித்துச் சொன்னால் நன்றாக இருக்கும்.