கப்பலேறினால் சாதி போகுமாம்!

(சுந்தரபாண்டியத்தில் நடந்த பொதுக்கூட்டத்தில் பேசியதன் சாரம்)



இன்றைக்கு நாம் எதைப் பற்றிப் பேசவேண்டும் என்று கூட்டம் கூட்டியவர்கள் குறிப்பிடவில்லை. சமீபத்தில் நாம் அந்தமானுக்குக் கப்பலில் போய்வந்த சங்கதி தெரிந்து, "அதைச் சொல்லுங்கள், எங்களூரில் தறியைவிட்டு இறங்காமலேயே காலம் கழித்தவர்கள் அனேகம் பேர், கடலையே கண்டதில்லை" என்று இவ்வூர்த் தோழர் ஒருவர் கேட்டுக்கொண்டார். ஆகவே அதையே சொல்லுகின்றோம். 'நாம் போய்வந்தோம்' என்றதும் கூட்டமாகப் போனதாக எண்ணிவிடாதீர்கள். நாம் என்பது இங்கே ஒற்றை ஆள்தான். ஒரு தோல்பை, ஒரு போர்வை, இரண்டு புத்தகம், இவ்வளவே நமது பரிவாரம்.

புறப்படுகிறோம் என்று சொன்னவுடனேயே நம்மைப் பிடித்துக்கொண்ட முதல் கேள்வி, "கூட யார் வருகிறார்கள்?" என்பதுதான். யாருமில்லை என்றோம். "வீட்டில் ஏதும் மனஸ்தாபமா?" என்று ஒருவர் மெதுவாக விசாரித்தார். நம் நாட்டில் தனியாகப் பிரயாணம் போகிறவன் ஒன்று சந்நியாசியாக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் கடன்காரனுக்குப் பயந்து ஓடுகிறவனாக இருக்கவேண்டும். ஊரைப் பார்க்க, மனிதரைப் பார்க்க ஒருவன் தனியே போவான் என்பதை நம்புவதற்கு ஆளில்லை. இந்தச் சந்தேகம் நமக்கு மட்டும் உரியதென்றும் சொல்லமுடியாது. சீமைகளில் ஓடும் உல்லாசக் கப்பல்களில் அறைக்கு இரண்டு பேர் என்று வைத்துத்தான் கட்டணம் போடுகிறார்கள். ஒற்றை ஆளாகப் போனால் இல்லாத ஒருவருக்கும் சேர்த்து, சில இடங்களில் ஏறக்குறைய இரண்டு பங்கு, பணம் கட்டவேண்டும். 2010-ல்தான் 'நார்வீஜியன் எபிக்' என்கிற பெரிய கப்பலில் தனியாள்களுக்கென்றே 128 சிறு அறைகள் கட்டி, அவர்கள் கூடிப் பேச ஒரு கூடமும் வைத்தார்கள். அத்தனை பணம் படைத்த நாடுகளுக்கே தனியாளும் ஓர் ஆள்தான் என்பது இவ்வளவு காலங்கழித்துத்தான் விளங்கியிருக்கிறது!

இனி நமது சாஸ்திரங்களுக்கு வருவோம். போதாயன தர்மசூத்திரம் என்று ஒன்று இருக்கிறது. சாதியைவிட்டு விழச்செய்யும் பாவங்கள் இன்னின்ன என்று வரிசைப்படுத்துகிற இடத்தில், அது முதலில் வைத்திருப்பது கடல் பிரயாணத்தைத்தான். பிராமணன் பொருளைத் திருடுவதும், பூமி விஷயமாகப் பொய்ச்சாட்சி சொல்லுவதுங்கூட அதற்குப் பின்னால்தான் வருகின்றன. இதற்குப் பிராயச்சித்தம் என்ன தெரியுமா? மூன்று வருஷ காலம் நான்கு வேளைக்கு ஒரு வேளை சாப்பிட்டு, மூன்று காலமும் குளித்து, பகலெல்லாம் நின்றுகொண்டும் இரவெல்லாம் உட்கார்ந்துகொண்டும் இருக்கவேண்டுமாம். பகலெல்லாம் நிற்பதும் இரவெல்லாம் உட்கார்ந்திருப்பதும் நம் சென்னை ரயிலில் முன்பதிவு இல்லாதவனுக்குத் தினசரி நடக்கிற காரியம். அவன் என்ன பாவம் செய்தானோ! மனுதர்மமோ, கடலில் போனவனைத் திதிச் சோற்றுக்குக் கூப்பிடக்கூடாது என்று, வீட்டுக்குத் தீ வைத்தவனோடும் விஷம் வைத்தவனோடும் சேர்த்து உட்காரவைத்திருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அதே போதாயனர், மாமன் மகளை மணப்பது தெற்கத்தியார் வழக்கம், கடலேறிப் போவது வடக்கத்தியார் வழக்கம் என்று குறித்து வைத்திருக்கிறார். காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகமும், 1025-ல் ராஜேந்திர சோழன் கடாரத்துக்கு அனுப்பிய கப்பற்படையும் நம்முடையவை. மாமன் மகள் சங்கதியில் அவர் கணக்குச் சரி, கடல் சங்கதியில் தவறிவிட்டது போலும்!

இதெல்லாம் ஏட்டில் கிடந்த பழைய கதைதானே என்று கேட்பீர்கள். 1888-ல் காந்தியார் பாரிஸ்டர் படிப்புக்குச் சீமைக்குப் புறப்பட்டபோது, பம்பாயில் அவருடைய மோத் பனியா சாதியார் கூட்டம் போட்டு அவரைச் சாதியைவிட்டுத் தள்ளினார்கள். வழியனுப்பத் துறைமுகத்துக்குப் போகிறவனுக்கும் ஒரு ரூபாய் நாலணா அபராதம் என்று தீர்ப்புச் சொன்னார்கள். திரும்பி வந்தபின் சாதியாரைச் சமாதானப்படுத்த நாசிக்கில் ஆற்றில் முழுக்கும் போடவேண்டியிருந்தது. 1914 மார்ச் மாதம் 'நெவாசா' கப்பலில் சென்னையிலிருந்து புறப்பட்ட கணித மேதை ராமானுஜம் சங்கதியும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். கேம்பிரிட்ஜிலிருந்து அழைப்பு வந்தும் அவர் முதலில் மறுத்தார். பிறகு நாமக்கல் நாமகிரித் தாயார் அவருடைய தாயார் கனவில் வந்து உத்தரவு கொடுத்தாள் என்று சொல்லப்படுகிறது. அந்தக் கனவு அன்றிரவு வராமல் போயிருந்தால் உலகத்துக்கு எவ்வளவு நஷ்டம்!

கடலைக் கண்டு இவர்கள் இவ்வளவு பயந்ததற்குக் காரணம் என்ன? அலைக்கும் சுறாவுக்கும் பயந்தார்கள் என்று நாம் நம்பவில்லை. அதற்குப் பயந்திருந்தால் 'ஜாக்கிரதை' என்று சொல்லியிருப்பார்கள். 'பாவம்' என்று சொல்லியிருக்கமாட்டார்கள். கப்பலில் மேலத்தெரு கீழத்தெரு கட்டமுடியாது. தண்ணீர்த்தொட்டி ஒன்று, அடுப்பு ஒன்று, கக்கூசு ஒன்று. யார் தொட்டது, யார் சமைத்தது என்று விசாரிக்க நேரமுமில்லை, விசாரித்தாலும் வேறே போக்கிடமுமில்லை. அங்கே பஞ்சாயத்தும் கிடையாது, புரோகிதரும் கிடையாது. இப்படி ஒரு மாத காலம் இருந்துவிட்டு வருகிறவன் ஊருக்குள் பழையபடி அடங்கி நடப்பானா? இதுதான் அவர்களுடைய கவலை.

ஆனால் ஏழைகள் இந்தச் சாஸ்திரத்தை எப்போதுமே சட்டை செய்ததில்லை. வயிறு பெரிய சாஸ்திரமாக இருந்தது. 1926 முதல் 1973 வரையில் சென்னைக்கும் நாகைக்கும் மலாயாவுக்கும் நடுவே ஓடிய 'ரஜூலா' கப்பலை உங்கள் பாட்டன்மாரில் சிலராவது கேள்விப்பட்டிருப்பார்கள். அதில் ஆயிரக்கணக்கான பேர் மேல்தட்டில் பாய் விரித்துப் படுத்துப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள். பிறகு 1972 முதல் 'சிதம்பரம்' ஓடிற்று. 1985 பிப்ரவரியில் தீப்பிடித்ததோடு அந்த வழி நின்றுபோயிற்று. அந்தக் கப்பல்களில் சாதிக்குப் பதில் காசு உட்கார்ந்திருந்தது என்பதையும் மறைக்கவேண்டியதில்லை. முதல் வகுப்புக்காரனுக்கு மெத்தை, மேல்தட்டுக்காரனுக்கு வெயிலும் மழையும். கரையிறங்கினதும் தொற்றுநோய்ச் சந்தேகத்தின் பேரில் தீவில் அடைத்துவைத்ததும் பெரும்பாலும் மேல்தட்டுக்காரனைத்தான்.

நாம் போனது போர்ட் பிளேருக்கு. 2024 செப்டம்பரில் அதற்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். ஜனங்கள் வாயில் இன்னும் போர்ட் பிளேர்தான். சென்னையிலிருந்து சுமார் 1,200 கிலோமீட்டர். கடல் நன்றாயிருந்தால் இரண்டரை நாள், இல்லாவிட்டால் மூன்று. நாம் எடுத்தது பங்க் வகுப்புச் சீட்டு. பெரிய கூடத்தில் மேலும் கீழுமாக வரிசை வரிசையாகப் படுக்கைகள் போட்டிருப்பார்கள். ஆணும் பெண்ணும் குழந்தை குட்டிகளுமாக நூற்றுக்கணக்கான பேர். நமது கீழ்ப்படுக்கையில் சாத்தூர்ப் பக்கத்து அம்மாள் ஒருவர், வயது ஐம்பத்தைந்து இருக்கலாம், மகள் பிரசவத்துக்காகத் தனியே வந்திருந்தார். எதிர்ப்படுக்கையில் தெலுங்கு பேசுகிற கொத்தனார். அதற்கு மேலே விடுமுறை முடிந்து திரும்பும் ஒரு பள்ளிக்கூட ஆசிரியர்.

கரை மறைந்து, செல்போனில் கோடுகள் ஒவ்வொன்றாகப் போய்விட்ட பிறகுதான் கூடத்திலிருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அன்றிரவு கடல் கொஞ்சம் புரட்டிற்று. நம் கதியைச் சொல்ல வெட்கமாயிருக்கிறது. மேடையில் இரண்டு மணி நேரம் நின்று பேசுகிற நாம், தலையைத் தூக்கமுடியாமல் கிடந்தோம். அந்தக் கொத்தனார்தான் வாளியைப் பிடித்தார். சாத்தூர் அம்மாள் நார்த்தங்காய் ஊறுகாயைக் கிள்ளி, "வாயிலே போட்டுக்கோ தம்பி, கண்ணை மூடாதே, தூரத்திலே பாரு" என்று தம் கையாலேயே வாயில் வைத்தார். விடியற்காலம் கொத்தனாருக்கு வந்தது. வாளி நம் கைக்கு மாறிற்று. அந்தக் கூடத்தில் அன்று ராத்திரி யார் யாருக்கு வாய் துடைத்தார்கள் என்று கணக்கெடுத்தால் போதாயனருக்கு மூன்று வருஷம் போதாது.

மறுநாள் கடல் அடங்கிற்று. மயக்கம் தெளிந்தது. தெளிந்தவுடனே என்ன நடந்தது தெரியுமா? ஆசிரியர் நம்மிடம் வந்து, "சாருக்கு எந்த ஊர்?" என்றார். சுந்தரபாண்டியத்துக்குப் பக்கம் என்றோம். "தெரியுமே! அங்கே எந்தத் தெரு?" என்றார். தெரு எதற்கு என்பது உங்களுக்கும் தெரியும், நமக்கும் தெரியும். இதை மட்டும் சொல்லி அவரைக் கேலி செய்துவிட்டுப் போய்விடலாம். ஆனால் உண்மையைச் சொல்லவேண்டும். அதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன்னால், அந்த அம்மாள் தம் புருஷன் பெயரையும் கொழுந்தன் பெயரையும் சொல்லிக்கொண்டிருந்தபோது, இவர்கள் இன்னாராகத்தான் இருக்கவேண்டும் என்று நம்முடைய மனது தானாகவே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. இருபது வருஷமாகச் சாதி ஒழிப்புப் பேசுகிற மனது! ஊறுகாய் வாயில் இருக்கும்போது கேட்கத் தோன்றாத சங்கதி, வாய் கழுவினதும் வந்து உட்கார்ந்துகொண்டது. ஆசிரியர் வாய்விட்டுக் கேட்டார், நாம் கேட்கவில்லை. வித்தியாசம் அவ்வளவே.

அன்று சாயங்காலம் மேல்தட்டில் ஒரு கிழவரோடு பேச்சுக் கிடைத்தது. போர்ட் பிளேரிலேயே பிறந்து வளர்ந்தவர். வீட்டில் இந்துஸ்தானி; கடைத்தெருவில் கற்றுக்கொண்ட தமிழும் தாராளமாகப் பேசினார். அவருடைய முன்னோர் கைதிகள். தோழர்களே! 1858 மார்ச்சில் முதற் கைதிக் கூட்டம், 200 பேர், அங்கே இறக்கப்பட்டது. கறுப்புத் தண்ணீர் என்று சனங்கள் நடுங்கியதற்குச் சங்கிலி மட்டும் காரணமல்ல. கப்பலில் ஏறினால் சாதி போகும் என்கிற பயமும் சேர்ந்தது. அந்தப் பயமும் தண்டனையில் ஒரு பாகம் என்று வெள்ளைக்கார அதிகாரிகள் கணக்கிட்டார்கள். பிறகு நன்னடத்தையுள்ள கைதி ஆண்களும் கைதிப் பெண்களும் அனுமதி பெற்று அங்கேயே கலியாணம் செய்து குடியேறினார்கள். எங்கிருந்தோ வந்த ஆண், எங்கிருந்தோ வந்த பெண். சாதியும் வேறு, பாஷையும் வேறு, சில இடங்களில் மதமும் வேறு. அவர்களுடைய சந்ததியாரைத்தான் அங்கே 'லோக்கல் பார்ன்' என்கிறார்கள்.

ஆசிரியர் இவரையும் விடவில்லை. "நீங்கள் என்ன வகுப்பு?" என்றார். கிழவர் சிரித்து, "எங்க பாட்டிக்குப் பாட்டி ஒரு கொலைக் கேஸ், அந்தத் தாத்தா ஒரு கொள்ளைக் கேஸ். இது தெரியும். சாதி தெரியாது. யாரும் எழுதி வைக்கலே" என்றார். கொலையையும் கொள்ளையையும் வெட்கமில்லாமல் சொல்லுகிற மனிதர்! ஆசிரியருக்கு அடுத்த கேள்வி கிடைக்கவில்லை. அந்தமானில் சாதியே இல்லை என்று நாம் சொல்லவரவில்லை. பின்னால் போய்க் குடியேறினவர்களில் அதையும் மூட்டையோடு கட்டிக்கொண்டு போனவர்கள் உண்டு. இதையும் அந்தக் கிழவரே சொன்னார்.

இன்னொரு சங்கதி. அந்தச் சாத்தூர் அம்மாளிடம் கூடத்தில் ஒவ்வொருவராக வந்து, "துணைக்கு ஆம்பளை இல்லையா?" என்று கேட்டுக்கொண்டேயிருந்தார்கள். நம்மிடம் கப்பலில் அதை ஒருவரும் கேட்கவில்லை. ஏழாவது ஆளோ எட்டாவது ஆளோ கேட்டபோது அந்த அம்மாள், "நேத்து ராத்திரி எத்தனை ஆம்பளை எந்திரிச்சு நின்னீங்க?" என்றார். அதற்குப் பின் கேள்வி நின்றது.

நம்முடைய இலக்கணமும் இதில் பின்தங்கவில்லை. கடல்வழிப் பிரிவில் பெண்ணை உடன் கொண்டுபோவதில்லை என்று தொல்காப்பியப் பொருளதிகாரத்திலேயே இருக்கிறது. உரைகாரர்கள் அதற்கு வேறு வேறு பொருள் சொல்லுவார்கள். எப்படிச் சொன்னாலும் கரையில் நிற்கிறவள் பெண்தான். வடமொழி நூலை மட்டும் எடுத்துப் படித்துக் காட்டிவிட்டு இதை மறைத்தால் நாம் யோக்கியமாகப் பேசினவர்களாகமாட்டோம்.

நூல் கிடக்கட்டும். நம் சொந்த வீட்டைச் சொல்லுகிறோம். நமக்கு ஒரு தங்கை. புருஷனை இழந்தவர், தறி ஓட்டித் தம் பிள்ளைகளைக் கரையேற்றினவர். இரண்டு வருஷத்துக்கு முன் ஒருநாள், "அண்ணே, கன்னியாகுமரிக்குப் போய் ரெண்டு நாள் கடலைப் பார்த்துட்டு வரணும் போலிருக்கு" என்றார். நாம் என்ன சொன்னோம் தெரியுமா? "கூட யார் வருகிறார்கள்?" என்றோம். விதவை மணத்தையும் பெண் விடுதலையையும் பற்றி நூறு மேடையில் பேசின வாய் அது. தங்கை அதற்குமேல் கேட்கவில்லை. நாம் அதை மறந்தும்போனோம். அந்த அம்மாளிடம் எட்டுப் பேர் கேட்டபோதுதான் ஞாபகம் வந்தது. அந்த எட்டுப் பேருக்கும் முன்னே நாம் கேட்டிருக்கிறோம்!

ஊர் வந்ததும் தங்கையிடம் போய், "கன்னியாகுமரிக்குப் போய்வாயேன்" என்றோம். "இப்ப நேரமில்லை அண்ணே, பாவு ஓடிக்கிட்டிருக்கு" என்றார். கோபமாகச் சொன்னாரா, உண்மையாகவே நேரமில்லையா என்று நமக்குத் தெரியவில்லை. சீட்டு எடுத்துக் கொடுக்கலாமா என்று நினைத்தோம், எடுக்கவில்லை. அவரிடம் பணம் இருக்கிறது. நம் உத்தரவு வேண்டியதில்லை என்று சொன்னதாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

அந்தமான் கப்பலுக்குப் போக விரும்புகிறவர்கள் அரசாங்க அடையாளச் சீட்டை எடுத்துக்கொள்ளவேண்டும், பாஸ்போர்ட் தேவையில்லை. கப்பல் தினமும் கிடையாது, தேதி விசாரித்துக்கொண்டு போகவேண்டும். நார்த்தங்காய் மறக்கவேண்டாம். மற்றபடி கேள்வி கேட்க விரும்பும் தோழர்கள் துண்டுச்சீட்டில் எழுதி அனுப்பலாம். தாய்மார்கள் பக்கத்திலிருந்தும் சீட்டு வரட்டும்; இதுவரையில் ஒன்றும் வரக்காணோம்.